பேட்டரிக்காரர் வீட்டுத் தோட்டம்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மண் எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு ஆகாது. அந்த மண்ணைக் கெடுத்தவன் என் தம்பி. அதற்குத் திரும்ப உயிர் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி. நடுவில் மாட்டிக்கொண்டது அவர்கள் பெற்ற ஒரே பெண். நான் மாடியில் குடியிருக்கும் அத்தை. இது பெரும்பாலும் என் தம்பி பெண்டாட்டியின் கதை. நாத்தனார் வாயிலிருந்து வருகிறதே என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அவளிடம் குறை கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் முயன்று தோற்றவள் நான்.

தம்பியைத் தெருவில் எல்லோரும் 'பேட்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியோ ஆட்டோவோ, செத்துப்போன பேட்டரி அவனிடம்தான் வரும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தான். மூடியை உளி வைத்துப் பிளந்து, உள்ளே இருக்கும் அமிலத்தைச் சுவரோரமாகக் கவிழ்த்துவிட்டு, ஈயத் தகடுகளை உருவி எடுப்பான். தேறுவது ஒரு பக்கம், உருக்கப் போவது ஒரு பக்கம். அமிலம் என்றால் அவனுக்குப் பயம். சட்டையில் ஓட்டை விழுந்ததையும் விரல் வெந்ததையும் கண்ணால் பார்த்தவன் இல்லையா. அதனால் கவிழ்த்த இடத்தில் எல்லாம் சுண்ணாம்பைக் கொட்டுவான். புஸ்ஸென்று நுரைத்து அடங்கும். "அவ்வளவுதான், இனி ஒண்ணும் பண்ணாது" என்பான். ஆனால் தகட்டிலிருந்து உதிரும் சாம்பல் நிறத் தூளைப் பற்றி அவனுக்கு ஒரு பயமும் கிடையாது. அது சுடாது, அரிக்காது. துடைப்பத்தால் கூட்டித் தரையில் தள்ளிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவான். அந்தத் தொழிலில் இருந்த எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்.

கடைசிக் காலத்தில் அவனுக்கு ஓயாத வயிற்றுவலி. வலது முஷ்டியை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். டம்ளரைக் கொடுத்தால் கை நழுவும். வாயாடியாக இருந்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனான். அல்சர் என்றார் ஒருவர், நரம்புத் தளர்ச்சி என்றார் இன்னொருவர். தெருவில் சிலர் குடிக்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு சொட்டு வாயில் வைத்தவன் இல்லை என் தம்பி. குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் போய்விட்டான். போவதற்குச் சில நாள் முன்னால் பின்வாசல் படியில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம், "இந்த எடத்த பாழாக்கிட்டேன். ஒரு புல்லுகூட முளைக்கல பாரு" என்றானாம். அவன் சேர்ந்தாற்போல் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவன் போன பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே டொக், டொக் என்று உளி விழும் சத்தம். எட்டிப் பார்த்தேன். கொட்டகை காலி. படியில் அவள் நின்றுகொண்டு கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா அண்ணி?"

"தகரம் வெயிலுக்கு நெளியுது" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. ஆள் வைத்துக் கொட்டகையைப் பிரித்தோம். தகரத்தையும் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டான். சத்தம் மட்டும் போகவில்லை.

"அவருக்கு மனசு ஆறல அண்ணி. பாழாக்கிட்டேன்னு சொல்லிட்டே போனாரில்ல. இங்க பச்ச வந்துட்டா நிம்மதியாயிடுவாரு" என்றாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். ஆனால் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை, கடப்பாரையை எடுத்தாள். அதனால் சும்மா விட்டுவிட்டேன்.

முதலில் அவள் செய்ததெல்லாம் தப்பு. கடைக்குப் போய், படம் அழகாக இருக்கிற விதைப் பாக்கெட்டாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். கேரட், முட்டைக்கோஸ், ஒரு ரோஜா. அந்தப் படத்தில் இருந்த தோட்டத்தில் பனி பெய்திருக்கும் போல. இங்கே அடிக்கிற வெயிலில் முட்டைக்கோஸ் இலையை விரித்துக்கொண்டே நின்றதே தவிர மூடவில்லை. கேரட் எலிவால் அளவுக்கு வந்தது. ரோஜா ஒரு மழையில் அழுகியது. சுண்ணாம்பு ஓடு கட்டிய தரை, அதற்குக் கீழே களிமண். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், வெயிலடித்தால் வெடிக்கும். அதில் தேவலோகத்துச் செடியை வைத்தாலும் அதே கதிதான்.

அப்புறம்தான் அவள் செடியை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்தாள். அவளுக்கு வேலை, மாணவர் விடுதிச் சமையலறையில் காய் நறுக்குவது. அங்கே நாள்தோறும் மலைபோல் தோல் சேரும். அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தாள். கண்டக்டர், "ஏம்மா, குப்பைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பார். "மடியிலதானே உக்காந்திருக்கு, அரை டிக்கெட் போடுங்க" என்பாள். தெருவில் 'குப்பைராணி' என்று பேர் வைத்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. அட்டைப் பெட்டிகளை விரித்து நனைத்து, மேலே காய்ந்த இலை, அதன்மேல் சாணம், காய்த்தோல், மறுபடியும் இலை என்று அடுக்கினாள். எல்லாம் மட்கி மண்ணோடு சேர்ந்தது. ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் போட்டது பாதி காணாமல் போயிருந்தது.

"நம்ம வெயிலும் மழையும் எல்லாத்தையும் சீக்கிரமா தின்னுடுது அண்ணி. மண்ணுக்கு ஒரு தடவ போட்டாப் போதாது. நமக்கு மாதிரி அதுக்கும் விடாம சாப்பாடு போடணும்" என்றாள். வெயில் படும்படி ஒரு சாண் தரையைக்கூட வெறுமனே விடமாட்டாள். வைக்கோலோ சருகோ ஏதாவது ஒன்றைப் போர்த்தி வைப்பாள். மண்ணுக்கு உரமாகும் சணப்பை விதைத்து, அது பூக்கிற நேரத்தில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான் சொல்லச் சொல்ல, வெட்டி மண்ணிலேயே மடக்கிவிட்டாள். ஒரு நாள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. "உயிர் வந்துடுச்சு அண்ணி" என்றாள். அவன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செடி தேர்ந்தெடுப்பதிலும் புத்தி வந்தது. பாக்கெட் படத்தை நம்புவதை நிறுத்தினாள். பக்கத்து வேலியில், சாக்கடை ஓரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே எது தழைக்கிறது என்று பார்த்தாள். நல்ல வெயில் விழும் நடுவில் வெண்டையும் கத்தரியும். தண்ணீர் தேங்கும் மூலையில் சேம்பு. சுவர் நிழலில் பசலை. காற்று வரும் பக்கம் முருங்கை. மிச்சம் இருந்த இடமெல்லாம் தண்டுக்கீரை. "இங்க வாழத் தெரிஞ்சத வெச்சாப் போதும், நாம ரொம்ப ஒண்ணும் பண்ண வேணாம்" என்பாள். கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. நான் கொண்டுபோய்க் கொடுத்ததில் தெருவே தின்றது.

உளிச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றுவிட்டது. அதில் எனக்கு நிம்மதி. அவளுக்கு அப்படி இல்லை. தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே அவனிடம் பேசிக்கொண்டிருப்பாள். விடுதியில் இன்று இன்னது நடந்தது, பாப்பா இன்னது சொன்னாள் என்று. பலத்த மழை பெய்து விட்டதும் மண்ணுக்கு மேலே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் செதில்கள் தெரியும். அவன் பிளந்த தகடுகளின் துணுக்குகள். வேறு யாராக இருந்தாலும் பொறுக்கி எறிந்திருப்பார்கள். இவள் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப மண்ணுக்குள் அனுப்புவாள்.

"ஏன் அத உள்ள தள்ளுற?"

"அவரு கைபட்டது அண்ணி. இங்கயே இருக்கட்டும்."

அம்மா செய்வதைப் பார்த்துப் பாப்பாவும் அழுத்தும். அதற்கு அந்தத் தோட்டம்தான் தொட்டில், பள்ளிக்கூடம் எல்லாம். பிஞ்சு வெண்டையை மண்ணோடு கடிக்கும். விரலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப்போகும். மண்ணில் புரளும் பிள்ளைக்கு நோய் அண்டாது என்று நாங்கள் நம்பினோம்.

ஐந்து வயதை நெருங்கும்போது பாப்பா மாறியது. துறுதுறுவென்று இருந்தது மந்தமானது. முகம் வெளுத்தது. ஒரு மத்தியானம் பின்வாசல் படியில் பார்த்தேன். வலது முஷ்டியை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அப்படியே என் தம்பி. அந்தச் சாய்வு, எங்கேயோ பார்க்கிற அந்தப் பார்வை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமில்லாமல் அழுதோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு அதுவே வேலையாகிவிட்டது. டம்ளர் கை நழுவினால், "அவங்க அப்பா கை" என்போம். கூப்பிட்டதற்குப் பதில் வராவிட்டால், "அவரும் இப்படித்தான்" என்பாள். தெரிந்த பாட்டை மறந்து பாதியில் நின்றால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேன். அவன் திரும்பி வந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றியது. பேய் என்று பயந்துகொண்டிருந்தது பிள்ளையாக வந்து மடியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

பள்ளிக்கூட டீச்சர்தான் விடவில்லை. பேசத் தெரிந்த பிள்ளை பேச மறக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். போனோம். டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இறக்கிவிட்டதும் பாப்பா முஷ்டியை ஊன்றிச் சாய்ந்துகொண்டது.

"எப்பவும் இப்படித்தான் உக்காருமா?"

நான்தான் முந்திக்கொண்டேன். "அது அவங்க அப்பா ஜாடை டாக்டர். அவனும் கடைசி வரைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவரு என்ன வேலை பார்த்தாரு?"

சொன்னேன்.

"எங்க வெச்சு?"

"வீட்டுப் பின்னாடிதான்" என்றாள் அவள். "இப்ப அங்க தோட்டம் இருக்கு. பாப்பா அங்கதான் விளையாடும்."

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. ரொம்பவே ஏறியிருக்கு. அவங்க அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும். இது ஜாடை இல்லம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே விஷம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்தவன் மேல பழி போடாதீங்க. பெத்த பிள்ளைக்கு விஷம் வெக்கிறவனா அவன்? அமிலத்துக்கெல்லாம் சுண்ணாம்பு போட்டுட்டுத்தான் எழுந்திருப்பான்" என்று கத்தினேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. சுண்ணாம்பு அமிலத்தைத்தான் அடக்கும், ஈயத்தை அப்புறப்படுத்தாது."

அவள் என்னைப் போலக் கத்தவில்லை. "கீரையில இருக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"கீரையிலயும் இருக்கும், கிழங்குலயும் இருக்கும். அதைவிட அந்த மண்ணுலதான். கையில ஒட்டி, நகத்துல ஏறி, வாய்க்குப் போகுது."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பாப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்தார்கள். ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆனால் போன பேச்சும் அறிவும் முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, மறுபடியும் அந்த மண்ணைத் தொட்டால் எல்லாம் வீண் என்றார் டாக்டரம்மா. அவரே சொல்லி, மண் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரும்புக் குழாயை இறக்கி அங்கங்கே மண் எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது தோட்டத்து ஓரத்தில் நின்றபடி, கொஞ்சம் தயங்கிப் பேசினாள்.

"இவ்வளவு நல்ல மண்ண நான் எந்த வீட்டுலயும் பார்த்ததில்லம்மா. நீங்க போட்ட எருதான் ஈயத்த ஓரளவுக்குப் பிடிச்சு வெச்சிருக்கு. வெறும் தரையா விட்டிருந்தா புழுதியா பறந்து வீடு முழுக்க வந்திருக்கும். ஆனா ஒரு குழந்தைக்கு இதுவே அதிகம்."

"இன்னும் எரு போட்டா? எவ்வளவு வேணா போடறேன். எப்ப மக்கும் அது?"

"ஈயம் மக்காதும்மா."

அந்தப் பெண் சொன்ன மாதிரி ஒரு வார்த்தையை அவள் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டாள். அட்டை மட்கியது, எலும்பு மட்கியது, பழைய கோணிச் சாக்கு மட்கியது. அவள் கையில் மட்காத பொருளே இருந்ததில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்தைக் கொத்தவே கூடாது, சுத்தமான மண்ணைத் தடிமனாகக் கொட்டிப் புல்லால் மூடிவிட வேண்டும், செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று வாயில் வைக்காத செடியாக நட்டுக்கொள்ளலாம், சாப்பிடுகிறதை மாடியில் வெளி மண் போட்டு டிரம்மில் வளர்க்கலாம் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். இவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எல்லாம் விழுந்திருக்கிறது என்று மறுநாள் தெரிந்தது.

புழுதி கிளம்பாமல் தரையை நனைத்தாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டாள். கீரை, சேம்பு, காய்த்துக்கொண்டிருந்த கத்தரி, எல்லாவற்றையும் வேரைப் பிடுங்காமல் தரையோடு அறுத்தாள். ஒன்றையும் எருக்குழியில் போடவில்லை. பை பையாகக் கட்டினாள், நகராட்சி வண்டி தனியாக எடுத்துப் போனது. தெருக்காரர்களை எல்லாம் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கீரை கொடுத்த கையோடு போய் அதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. நல்லவேளை, எங்கள் இரண்டு பேர் உட்பட யாருக்கும் பாப்பா அளவுக்கு இல்லை.

வண்டியில் வந்து இறங்கிய செம்மண்ணை அவள் கூடை கூடையாகக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். நான் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். டொக். டொக். அந்தச் சத்தம் திரும்ப வந்தது. கொட்டகை இல்லை, தகரம் இல்லை, பக்கத்தில் எந்த வேலையும் நடக்கவில்லை. இரண்டு பேரும் வேலையை நிறுத்திக் கேட்டோம். இந்த முறை நான் எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

அவள் வாயில் கட்டியிருந்த துணியை இறக்கினாள். "எங்கிட்ட வாங்க" என்றாள், அவன் எதிரில் நிற்பது போலவே. "எத்தன தடவ வேணா வாங்க, நான் எப்பவும் வேணாம்னு சொன்னதில்ல. ஆனா அவகிட்ட வராதீங்க. அவள விட்டுடுங்க."

பெற்ற பிள்ளையிடமிருந்து அப்பனைத் துரத்துகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவன் என்ன பாவம் செய்தான்? ஆனால் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போயிருந்த அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது. "அவ சொல்றத கேளுடா தம்பி" என்றேன் நானும். கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் கொட்டினாள்.

பாப்பா வீடு திரும்பியதும் மாடியில் என்னோடு வைத்துக்கொண்டேன். கை கழுவு, நகம் வெட்டு, செருப்பை வெளியே விடு என்று நாள் முழுக்க ஒரே அதட்டல். முதலில் வலி நின்றது. பசி எடுத்தது. அப்புறம் ஒரு நாள், தலை வாரிவிடும்போது, "வலிக்குது அத்த, நீ சிக்கெடுக்கறியா சண்டை போடறியா?" என்று கேட்டது. சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். அதன் பிறகு பேச்சு நிற்கவே இல்லை. இன்னும் எண்ணும்போது நடுவில் ஒரு எண்ணைத் தொலைத்துவிட்டு விழிக்கும். அது திரும்புமா என்று யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் திரும்பியது.

ஆனால் அது தேறத் தேற, என் தம்பி அதிலிருந்து போய்க்கொண்டே இருந்தான். முஷ்டி வயிற்றை விட்டு இறங்கியது. சாய்வு நிமிர்ந்தது. எங்கேயோ பார்க்கும் அந்தப் பார்வை ஒரு நாள் இருந்தது, மறுநாள் இல்லை. நேற்று அது தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய பேப்பரைக் கிழித்துக் கப்பல் செய்துகொண்டிருந்தது. நான் அந்த முகத்தில் அவனைத் தேடினேன். நெற்றியில், மூக்கில், சிரிப்பில். எங்கேயும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. முதல் தடவை அவனாகப் போனான். இந்தத் தடவை நாங்களே கெஞ்சி அனுப்பிவைத்தோம்.

வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தேடினாள் என்று நினைக்கிறேன்.

"இப்ப யாரு மாதிரி இருக்கா அண்ணி?"

"யாரு மாதிரியும் இல்ல" என்றேன். "நல்லா இருக்கா."